வீட்டில் இரண்டு லைன், இரண்டிலும் பிராட்பேண்ட்: ஒன்று மட்டும் மந்தமாக இருந்தால் என்ன செய்வது?

ஒரே வீடு, இரண்டு தொலைபேசி லைன். இரண்டிலும் ஒரே திட்டம், கட்டுகிற தொகையும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் 14 எம்பிபிஎஸ் வருகிறது, இன்னொன்று 5-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. இந்த நிலைமையில் நான் பல மாதங்கள் இருந்திருக்கிறேன். புகார் கொடுத்தால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். போட்டால் அரை மணி நேரம் பரவாயில்லாமல் இருக்கும், அப்புறம் பழையபடி ஆகிவிடும்.

எனக்குத் தாமதமாகத்தான் ஒன்று உறைத்தது. ஒற்றை லைன் வைத்திருப்பவருக்கு வேகம் குறைந்தால், தன் வீட்டில் எவ்வளவு வர வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் கிடையாது. நமக்கோ நன்றாக ஓடும் லைனே அளவுகோல். அதே வீடு, அதே எக்ஸ்சேஞ்ச், பெரும்பாலும் அதே கேபிள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மாற்றிப் பார்த்துக்கொண்டே போனால் குறை இருக்கும் இடம் சிக்கிவிடும். இரண்டு மாலை நேரம் ஒதுக்கினால் போதும். செம்புக் கம்பியில் வரும் டிஎஸ்எல் இணைப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கு வைஃபை பற்றிய பகுதி மட்டும் உதவும்.

முதலில் சரியான எண்ணைப் பாருங்கள்

வேகம் பார்க்கும் தளத்தைத் திறந்து, வருகிற எண்ணை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. அந்த எண்ணில் வைஃபை, கணினி, மோடம், லைன், எக்ஸ்சேஞ்சுக்கு அப்பால் உள்ள நெரிசல் எல்லாம் கலந்திருக்கும். நமக்கு வேண்டியது மோடத்துக்கும் எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவிக்கும் இடையே பேசி முடிவான வேகம். இதைச் சிங்க் வேகம் என்பார்கள்.

மடிக்கணினியை மோடத்தோடு லேன் கேபிளில் இணையுங்கள். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் மோடத்தின் பக்கம் திறக்கும். எந்த முகவரி, என்ன கடவுச்சொல் என்பது மோடத்தின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். உள்ளே டிஎஸ்எல் ஸ்டேட்டஸ் என்ற பக்கத்தைத் தேடுங்கள். இரண்டு மோடத்திலும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு நோட்டில் எழுதுங்கள். எடுத்த நேரத்தையும் குறிக்க வேண்டும். நான் முதல் நாள் எழுதி வைத்தது இது:

முதல் லைன்: டவுன்லோட் சிங்க் 16,400 கேபிபிஎஸ் (ஆயிரம் கேபிபிஎஸ் சேர்ந்தால் ஒரு எம்பிபிஎஸ்), அப்லோட் 1,020. எஸ்என்ஆர் மார்ஜின் 6.2 டெசிபல். அட்டெனுவேஷன் 28.

இரண்டாவது லைன்: டவுன்லோட் 6,100, அப்லோட் 310. மார்ஜின் 6.0. அட்டெனுவேஷன் 34.5.

அட்டெனுவேஷன் என்பது கம்பியில் வரும் வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்ற கணக்கு. கம்பி நீளமானால் இது கூடும். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பியில் ஏடிஎஸ்எல் (டிஎஸ்எல்லில் பழைய வகை) சிக்னல் கிலோமீட்டருக்குச் சுமார் 13.8 டெசிபல் தேயும் என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 28 என்பது ஏறக்குறைய 2 கிலோமீட்டர். எஸ்என்ஆர் மார்ஜின் என்பது இரைச்சலுக்கு மேலே கையில் மிச்சம் வைத்திருக்கும் இடைவெளி. வழக்கமாக 6 டெசிபல் மிச்சம் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் வேகமாக மாற்றிக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். அதனால் மார்ஜின் இரண்டிலும் 6 என்று இருப்பதைப் பார்த்து லைன்கள் நன்றாக இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. மந்தமான லைன் அந்த 6-ஐக் காப்பாற்றத்தான் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

சிங்க் வேகம் முழுவதும் நம் கைக்கு வராது. ஏடிஎஸ்எல்லில் தகவல் 53 பைட் பொட்டலங்களாகப் போகிறது. அதில் 48 பைட்டில்தான் சரக்கு, மீதி 5 பைட் முகவரிக்கே போய்விடும். இதர உறைகளையும் கழித்தால் சிங்க் வேகத்தில் சுமார் 85 சதவீதம்தான் மிஞ்சும். 16,400-க்கு 14 எம்பிபிஎஸ் கிடைத்தால் அது குறையே இல்லை. அதைவிட வேகமான புதிய வகையான விடிஎஸ்எல்2-வில் இந்தக் கழிவு குறைவு, 90 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும். அப்புறம் இன்னொன்று: டவுன்லோட் சாளரம் காட்டுவது பெரும்பாலும் பைட் கணக்கு, திட்டத்தில் சொல்வது பிட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்.

இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள்

இங்கேதான் பாதி வேலை முடிகிறது. அவசரப்படாமல் பாருங்கள்.

சிங்க் வேகம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, பயன்படுத்தும்போது மட்டும் ஒன்று மந்தமாக இருந்தால் கம்பியில் குறை இல்லை. லேன் கேபிளில் வேகம் பாருங்கள். கேபிளில் சரியாக வந்தால் குற்றவாளி வைஃபைதான். இரண்டு ரவுட்டரும் ஒரே வீட்டில் ஒரே சேனலில் கத்திக்கொண்டிருந்தால் ஒன்றை ஒன்று காத்திருக்க வைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்கள்தான் ஒன்றின் மேல் ஒன்று படாதவை. ஒரு ரவுட்டரை 1-லும் மற்றதை 11-லும் வையுங்கள், இரண்டையும் தள்ளி வையுங்கள். கேபிளிலும் மந்தமென்றால் அந்த லைனில் யாராவது அப்லோட் செய்கிறார்களா என்று பாருங்கள். போனில் எடுத்த படங்கள் தானாக மேலே ஏறிக்கொண்டிருந்தால் டவுன்லோடும் சேர்ந்து தள்ளாடும். அதுவும் இல்லை, இரவு 9 மணிக்கு மந்தம், விடியற்காலையில் நன்றாக இருக்கிறது, சிங்க் மட்டும் மாறவே இல்லை என்றால் அது நிறுவனத்தின் பக்கத்து நெரிசல். இரண்டு லைனும் வேறு வேறு நிறுவனங்களுடையதாக இருந்தால் ஒன்றில் மட்டும் இப்படி நடப்பது சகஜம்.

இரண்டு லைனையும் ஒரே லோடு பேலன்சிங் ரவுட்டரில் (வேலையை இரண்டு லைனுக்கும் பங்கிடும் ரவுட்டர்) கட்டியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ரவுட்டர் 14-ஐயும் 5-ஐயும் கூட்டி 19 ஆக்காது. ஒரு டவுன்லோட் ஒரு லைனில்தான் போகும். அடுத்தது மற்றதில் போகலாம். பங்கு சரிபாதி என்று வைத்திருந்தால் வீட்டில் பாதிப் பேர் மந்தமான லைனில் மாட்டிக்கொள்வார்கள். 3-க்கு 1 என்று மாற்றி வையுங்கள். ஆனால் குறை தேடும் நாட்களில் அந்த ரவுட்டரையே கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொரு லைனையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

சிங்க் குறைவு, ஆனால் மார்ஜின் 15, 20 என்று ஏராளமாக இருக்கிறதா? கம்பியில் இடம் இருந்தும் நிறுவனம் பூட்டு போட்டிருக்கிறது என்று பொருள். சிங்க் எண் 2,048 போல முழு எண்ணாக நிற்பதும் அதே அடையாளம். எக்ஸ்சேஞ்சில் உங்கள் லைன் மாட்டியிருக்கும் போர்ட்டில் வேறொரு திட்டத்தின் அமைப்பு தவறுதலாக இருந்துவிடுவது உண்டு. இதற்கு ஒரு போன் பேச்சு போதும், கம்பியைத் தொட வேண்டியதில்லை.

மோட் என்ற வரியையும் பாருங்கள். ஒன்றில் ஏடிஎஸ்எல்2+ என்றும் மற்றதில் ஜி.டிஎம்டி என்றும் இருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. ஜி.டிஎம்டி என்பது 1999-ல் வந்த முதல் தலைமுறை ஏடிஎஸ்எல். அது 1.1 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பயன்படுத்தும், 8 எம்பிபிஎஸ் பக்கத்தில் நின்றுவிடும். 2003-ல் வந்த ஏடிஎஸ்எல்2+ 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், 24 வரை தரும். மோடத்தின் அமைப்பில் மோடை ஆட்டோ என்று மாற்றிப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லாமல் சிங்க் மட்டும் குறைந்து, மார்ஜினும் 6-ஐ ஒட்டியே இருந்தால், குறை கம்பியில் அல்லது கம்பியைச் சுற்றி இருக்கிறது. என் நிலைமை அதுதான். என் பட்டியலில் நான் முதலில் கவனிக்காமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டவுன்லோட் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்றே நான் புலம்பிக்கொண்டிருந்தேன். அப்லோடும் அதே அளவு விழுந்திருந்ததைப் பார்க்கவில்லை. கம்பி கொஞ்சம் நீளம் என்பதால் மட்டும் அப்லோட் இப்படி விழாது. ஏன் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

மாற்றி மாட்டிப் பாருங்கள், ஒன்றை மட்டும்

இரண்டு லைன் வைத்திருப்பதன் முழுப் பயன் இந்தக் கட்டத்தில்தான் கிடைக்கும். முதலில் சுவரிலிருந்து மோடத்துக்கு வரும் வயர்களை மட்டும் இடம் மாற்றுங்கள். எண்களைக் குறித்துக்கொண்டு பழையபடி மாட்டுங்கள். அடுத்து ஸ்ப்ளிட்டர், அதாவது பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் சின்னப் பெட்டி. கடைசியாக மோடம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் வேகம் சரியானாலும் எது சரி செய்தது என்று தெரியாது.

மோடத்தை மாற்றி மாட்டும்போது இணையம் வராமல் போகலாம். பயனர் பெயரை அந்தந்த லைனோடு கட்டிவைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. கவலை வேண்டாம். லாகின் ஆகாவிட்டாலும் சிங்க் வந்துவிடும், நமக்குத் தேவையான எண்கள் எல்லாம் பக்கத்தில் தெரியும்.

மோடம் மாறியதும் மந்தமும் மோடத்தோடு போய்விட்டதா? மோடம் பழுது, அல்லது அதன் அடாப்டர் பழுது. அடாப்டரை முதலில் சந்தேகப்படுங்கள். பழையதாகி மின்னழுத்தம் தள்ளாடும் அடாப்டர் மோடத்தையே இரைச்சலில் மூழ்கடிக்கும். மந்தம் லைனோடே நின்றுவிட்டதா? மோடம் தப்பித்தது, இனி கம்பியைப் பார்க்க வேண்டும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வேறு வேறு தயாரிப்பு மோடங்கள் அட்டெனுவேஷனை ஒரே மாதிரி காட்டாது. இரண்டு லைனையும் ஒரே மோடத்தில் அளந்தால்தான் ஒப்பீடு நேர்மையானது. நான் அப்படி அளந்தபோது 28-க்கும் 34.5-க்கும் இடையிலிருந்த வித்தியாசம் அப்படியே நின்றது. ஒரே எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் இரண்டு ஜோடிக் கம்பியில் (ஒரு லைனுக்கு இரண்டு கம்பி கொண்ட ஒரு ஜோடி) இது அரை கிலோமீட்டர் வித்தியாசம். நடுவில் ஏதோ இருக்கிறது என்று அப்போதுதான் உறுதியானது.

வீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் கழற்றிவிடுங்கள்

லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து உள்ளே போகும் எல்லாக் கம்பிகளையும் விலக்கிவிட்டு, மோடத்தை நேராக அங்கேயே மாட்டி அளக்க வேண்டும். உள்ளே கிளை பிரிந்து போகும் எக்ஸ்டென்ஷன் கம்பி, அதன் முனையில் போன் எதுவும் இல்லாவிட்டாலும், சிக்னலின் ஒரு பகுதியை வாங்கித் திருப்பி அனுப்பும். அந்த எதிரொலி மூலச் சிக்னலோடு மோதிச் சில அலைவரிசைகளைத் தின்றுவிடும். யாரும் பயன்படுத்தாத அறையில் கிடக்கும் பத்து மீட்டர் கம்பிகூட இந்த வேலையைச் செய்யும், விடிஎஸ்எல்2-வில் இன்னும் மோசமாக.

பெட்டியைத் திறக்கும் முன் ஒரு எச்சரிக்கை. தொலைபேசிக் கம்பியில் சும்மா இருக்கும்போதே சுமார் 48 வோல்ட் இருக்கும், மணி அடிக்கும்போது 90 வோல்ட் வரை ஏசி வரும். பட்டால் சுரீரென்று அடிக்கும். இடி மின்னல் நேரத்தில் தொடவே கூடாது. நிறுவனத்தின் பூட்டு உள்ள பகுதியைத் திறக்க வேண்டாம், உங்கள் பக்கத்து மூடி மட்டும் போதும்.

திறந்ததும் கம்பிகளின் முனையை டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல செம்பு பளிச்சென்றோ மங்கிய பழுப்பாகவோ இருக்கும். என் இரண்டாவது லைனில் ஒரு திருகுக்குக் கீழே இருந்த முனை பச்சை பூத்துப் போயிருந்தது. தொட்டதும் பொடி உதிர்ந்தது. கம்பி அறுந்திருக்கவில்லை, ஆனால் சுத்தமாகப் படவும் இல்லை. பக்கத்திலேயே முதல் லைனின் இரண்டு முனையும் பளிச்சென்று இருந்தன.

அப்லோட் ஏன் விழுந்தது என்பதற்கு விடை இதுதான். ஒரு ஜோடியில் ஒரு கம்பி சரியாகப் படாமல் இருந்தாலும் டிஎஸ்எல் முழுக்க நின்றுவிடாது. உயர்ந்த அலைவரிசைகள் அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடும், தாழ்ந்தவை தாண்ட முடியாமல் அடிபடும். ஏடிஎஸ்எல் அப்லோடுக்கு ஒதுக்கியிருப்பது 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள தாழ்ந்த பகுதி. அதனால் டவுன்லோடோடு அப்லோடும் சேர்ந்து சரிந்திருந்தால் முதலில் இணைப்புகளைச் சந்தேகப்படுங்கள்.

இதைக் காதாலும் உறுதி செய்யலாம். கம்பியுள்ள சாதாரண போனை மாட்டி, ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை அழுத்துங்கள், டயல் டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் பொரிவது போன்ற சத்தம் கேட்டால் இணைப்பில் குறை. பேசி முடித்த பிறகு கொஞ்ச நேரம் இணையம் நன்றாக ஓடினாலும் அதே நோய்தான். பேசும்போது கம்பியில் ஓடும் மின்சாரம் கெட்ட இணைப்பைத் தற்காலிகமாகச் சீராக்கிவிடும். மழை பெய்த மறுநாள் மோசமானால் தண்ணீர் புகும் இணைப்பு வெளியில் எங்கோ இருக்கிறது.

ரிசீவரை எடுத்தவுடன் மார்ஜின் சடாரென்று இறங்கினால் ஸ்ப்ளிட்டரைப் பாருங்கள். அந்த லைனில் இருக்கும் ஒவ்வொரு போனுக்கும் ஃபேக்ஸுக்கும் அலாரம் பெட்டிக்கும் ஒரு ஃபில்டர் (இணையச் சிக்னலைத் தடுக்கும் சின்னப் பெட்டி) இருக்க வேண்டும். அலாரம் பெட்டியைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

இரண்டு லைனும் ஒன்றையொன்று கெடுக்கிறதா?

இரண்டு லைன் உள்ள வீட்டுக்கே உரிய சிக்கல் இது. மந்தமான லைனின் மார்ஜினைக் குறித்துக்கொண்டு, வேகமான லைனின் மோடத்தை அணையுங்கள். ஒரு நிமிடம் கழித்துப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். மார்ஜின் சற்றே கூடினால் இயல்பு. ஒரே கேபிளில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் ஜோடிகள் ஓரளவு ஒன்றின் மேல் ஒன்று சிந்தத்தான் செய்யும். நாலைந்து டெசிபல் தாவினால் வீட்டுக்குள் ஒரு தவறு இருக்கிறது.

பெரும்பாலும் அது தட்டைக் கம்பி. நான்கு கம்பி உள்ள தட்டையான கேபிளில் இரண்டு லைனையும் சேர்த்துக் கொண்டுபோயிருப்பார்கள். ஜோடிக் கம்பிகளை முறுக்குவதே பக்கத்துச் சிக்னல் ஒட்டாமல் இருக்கத்தான், தட்டையில் முறுக்கு கிடையாது. இன்னொரு தவறு இதைவிட மோசம். முதல் லைனுக்கு ஒரு ஜோடியிலிருந்து ஒரு கம்பியும் மற்ற ஜோடியிலிருந்து ஒரு கம்பியும் எடுத்துக் கட்டியிருப்பார்கள். போன் வேலை செய்யும், அதனால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு லைனில் பேசுவது மற்றதில் மெல்லக் கேட்கும். கேட்டால் உடனே திறந்து நிறத்தைச் சரிபாருங்கள். ஒன்றாக முறுக்கிய இரண்டு கம்பியும் ஒரே லைனுக்குப் போக வேண்டும். புதிதாக இழுப்பதானால் முறுக்கிய ஜோடிகள் கொண்ட கேட்5இ நெட்வொர்க் கேபிளே போடுங்கள், ஒரு லைனுக்கு ஒரு ஜோடி.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது

கம்பி சுத்தம், அட்டெனுவேஷனும் இரண்டிலும் ஒன்றுதான், ஆனாலும் சிங்க் குறைவு, பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது என்றால் வெளி இரைச்சல். இதைத் தேடப் பழைய ஏஎம் ரேடியோவே நல்ல கருவி. மீடியம் வேவ் நிலையங்கள் ஏறக்குறைய 530 முதல் 1,600 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கின்றன. டிஎஸ்எல்லும் அதே பகுதியில்தான் ஓடுகிறது. நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் ரேடியோவை வைத்துக்கொண்டு மந்தமான லைனின் கம்பி போகும் வழியில் மெதுவாக நடங்கள். எல்இடி விளக்கு, மலிவான சார்ஜர், டிவி பெட்டியின் அடாப்டர் என்று ஏதோ ஒன்றின் பக்கத்தில் சத்தம் கரகரவென்று எழும். அதைப் பிளக்கிலிருந்து எடுத்ததும் அடங்கினால், அப்போது மோடம் பக்கத்தில் மார்ஜின் என்ன ஆகிறது என்றும் பாருங்கள்.

சூரியன் மறைந்ததும் மார்ஜின் ஒன்றிரண்டு டெசிபல் இறங்குவது குறை அல்ல. இரவில் வெகுதூர ரேடியோ நிலையங்களின் அலை வந்து சேரும். இரண்டு லைனிலும் ஒன்றாக இறங்குகிறதா என்பதே கேள்வி. ஒன்றில் மட்டும் வேகமாக இறங்கினால் அந்த லைனில் ஒரு கம்பி சரியாக இல்லாமல் ஆன்டெனா போல அலையை வாங்குகிறது.

மோடத்தை அடிக்கடி அணைத்துப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பல நிறுவனங்களின் கருவி லைன் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும். அடிக்கடி விழுந்தால் லைன் நிலையில்லாதது என்று நினைத்து மார்ஜினை 6-லிருந்து 9, 12 என்று ஏற்றிவிடும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒவ்வொரு சிறு அலைவரிசைப் பட்டையிலும் ஒரு பிட் போய்விடும். ஏடிஎஸ்எல் நொடிக்கு 4,000 முறை பிட்டுகளை அனுப்புகிறது, எனவே 250 பட்டை ஓடும் லைனில் 3 டெசிபல் ஏறினால் 1 எம்பிபிஎஸ் இழப்பு. மாற்றி மாட்டும் சோதனைகளைக்கூட ஒரே மாலையில் முடித்துவிட்டு, அப்புறம் சில நாள் லைனைத் தொந்தரவு செய்யாமல் விடுங்கள்.

புகார் கொடுக்கும்போது

முதல் பெட்டியிலேயே அளந்தும் வித்தியாசம் இருந்தால் குறை வெளியில். "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு லைனையும் ஒரே மோடத்தில், முதல் பெட்டியில், உள் கம்பி இல்லாமல் அளந்ததாகச் சொல்லுங்கள். இரண்டின் அட்டெனுவேஷன், மார்ஜின், சிங்க் எண்களையும் கொடுங்கள். போனில் பொரியும் சத்தம் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். பேச்சில் குறை என்றால் லைனைச் சோதிக்க ஆள் வருவது எளிது. எந்த எண்ணுக்கு எந்தக் கம்பி என்று பெட்டியில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டி வையுங்கள். என் வீட்டுக்கு முதல் முறை வந்தவர் நன்றாக ஓடிய லைனைச் சோதித்து, எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

லைன்மேன் வந்தால் கேட்க வேண்டியது இரண்டு: இணைப்புகளை வெட்டிப் புதிதாகப் போடுவது, அதிலும் சரியாகாவிட்டால் கேபிளில் காலியாக உள்ள வேறு ஜோடிக்கு மாற்றுவது. அவர் கிளம்பும் முன் மோடத்தின் பக்கத்தைத் திறந்து அட்டெனுவேஷனையும் அப்லோடையும் அவரோடு சேர்ந்து பாருங்கள். என் லைனில் பச்சை பூத்த முனையை வெட்டி, வெளிப் பெட்டியில் இருந்த இன்னொரு இணைப்பையும் புதிதாகப் போட்டதும் அட்டெனுவேஷன் 28.5-க்கு வந்தது, அப்லோட் உடனே 1,000-ஐத் தொட்டது. டவுன்லோட் மட்டும் அன்று 11,000-லேயே நின்றது, மார்ஜின் 12 காட்டியது. அணைத்துப் போடாமல் விட்டேன். ஒன்பதாவது நாள் மார்ஜின் 6-க்கு இறங்கி, சிங்க் 15,900 ஆனது.